கதை சொல்லத் தெரிந்தால் போதுமா? தொடக்கநிலை ஆசிரியர் பயிற்சியில் கதையும் எழுத்தும்

டி.எல்.எட். எனப்படும் தொடக்கக் கல்விப் பட்டயப் பயிற்சியில் கதை சொல்லல் ஓரிரு நாள் பட்டறையோடும் சில விரல்பொம்மைகளோடும் முடிந்துவிடுகிறது. பயிற்சி முடித்து வருபவர்களுக்குக் கதை சொல்ல ஓரளவு வந்தாலும், அந்தக் கதையைக் கொண்டு குழந்தையைப் படிக்கவும் எழுதவும் வைக்கத் தெரிவதில்லை. இந்த நிலையை எப்படி மாற்றுவது என்பதுதான் கேள்வி. ஆசிரியர் பயிற்றுநராகப் பயிற்சி நிறுவனங்களிலும், பயிற்சி மாணவர்கள் கற்பித்துப் பழகும் பயிற்சிப் பள்ளிகளிலும் பார்த்துவந்ததைக் கொண்டு விடை சொல்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கதை சொல்லப் பழக்குவதற்கு நாம் செலவிடும் நேரத்தில் பாதியையாவது, குழந்தை சொல்லும் கதையைக் கேட்டு எழுதிக்கொள்வதற்கும், குழந்தை தானே எழுதியதை வாசித்துப் புரிந்துகொள்வதற்கும் ஒதுக்க வேண்டும். இவை இரண்டும் பாடத்திட்டத்தில் பெயரளவில்கூட இடம்பெறாத பயிற்சி நிறுவனங்களே பெரும்பாலும் என் கண்ணில் பட்டிருக்கின்றன.

கதைக்கு எழுத்தறிவில் என்ன பங்கு என்பதை மிகைப்படுத்தாமல் வரையறுத்துக்கொள்ள வேண்டும். கதை கேட்பதால் மட்டும் எந்தக் குழந்தைக்கும் எழுத்து வந்துவிடாது. உயிரும் மெய்யும் உயிர்மெய்யும் ஆய்தமுமாக 247 எழுத்துகள் கொண்ட தமிழ் நெடுங்கணக்கையும், கால், கொம்பு, புள்ளி ஆகிய குறிகளையும் முறையாகக் கற்பித்தே ஆக வேண்டும். கதை தருவது வேறு. கோவையாகக் கேட்கும் பழக்கம், அடுத்து என்ன வரும் என்று ஊகிக்கும் திறன், வீட்டுப் பேச்சில் புழங்காத சொற்கள், நீண்ட வாக்கியத்தின் கட்டுக்கோப்பு ஆகியவை கதையிலிருந்தே குழந்தைக்குக் கிடைக்கின்றன. பிரிட்டனின் பிரிஸ்டல் நகரில் கல்வி ஆய்வாளர் கார்டன் வெல்ஸ் 1970களில் தொடங்கி, குழந்தைகளின் வீட்டுப் பேச்சைப் பதிவுசெய்து பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார். பள்ளிக்கு வரும் முன்பே கதை கேட்டு வளர்ந்தவர்கள் பிற்பாடு எழுத்தறிவில் முன்னிற்பதை அவர் கண்டார். நம் அரசுப் பள்ளிகளுக்கு வரும் குழந்தைகளில் பலருக்கு வீட்டில் புத்தகத்திலிருந்து கதை வாசித்துக் காட்ட ஆள் இருப்பதில்லை. ஆனால் வாய்மொழிக் கதை கேட்டவர்கள் அவர்களில் ஏராளம். அந்தக் கையிருப்பை எழுத்தாக மாற்றித் தர வேண்டியது ஆசிரியரின் வேலை.

எல்லோரும் அறிந்த ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். ஈ தன் பெயரை மறந்துபோகிறது. ஒவ்வொருவரிடமும் போய், ‘கொழு கொழு கன்றே, கன்றின் தாயே, தாயை மேய்க்கும் ஆயா, ஆயன் கைக் கோலே, கோலிருக்கும் மரமே, மரத்திலிருக்கும் கொக்கே, கொக்கு வாழும் குளமே, குளத்திலிருக்கும் மீனே’ என்று சங்கிலியை நீட்டிக்கொண்டே போய்த் தன் பெயர் என்ன என்று கேட்கிறது. கடைசியில் குதிரை ‘ஈஈஈ’ என்று கனைக்க, ஈக்குத் தன் பெயர் நினைவுக்கு வருகிறது. பட்டறைகளில் இந்தக் கதையைச் சொல்லாத பயிற்சி ஆசிரியர் (பயிற்சி பெறும் மாணவர்) இல்லை. குரலை மாற்றி, கையை ஆட்டி, குதிரைபோல் கனைத்து நன்றாகவே சொல்வார்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள், கைதட்டலோடு வகுப்பு முடிந்துவிடும். எழுத்தறிவு வேலை அந்தக் கைதட்டலுக்குப் பிறகுதான் தொடங்க வேண்டும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

இந்தக் கதை எழுத்தறிவுக்கு ஏன் பொருத்தமானது என்று பயிற்சி ஆசிரியர் தாமே ஆராய்ந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு தொடரின் கடைசிச் சொல்லும் அடுத்த தொடரின் முதற்சொல்லாகத் திரும்பி வருவதால், படிக்கத் தெரியாத குழந்தையும் அடுத்த வரியை ஊகித்துச் சொல்லிவிடும். கன்றே, தாயே, கோலே, மரமே, குளமே, மீனே என்று விளிச்சொற்கள் பெரும்பாலும் ஏகாரத்தில் முடிவதால், இரட்டைக்கொம்பு என்ற ஒரே குறியை ஆறேழு இடங்களில் ஒரே ஓசையோடு பார்க்க முடியும். கதையின் விடையோ நெடுங்கணக்கில் உள்ள ஓரெழுத்து; அதுவே முழுச் சொல்லாகவும் நிற்கிறது. இத்தனையும் ஒரு கதையில் இருக்கும்போது, முதல் நாள் கதையைச் சொல்லி, மறுநாள் தொடர்களை நீள அட்டைகளில் எழுதிக் கலைத்துப்போட்டுப் பிள்ளைகளை அடுக்கச் சொல்லலாம். மூன்றாம் நாள் தங்கள் ஊரை வைத்து ஒரு புதுச் சங்கிலியை அவர்களையே கட்டச் சொல்லலாம். ‘டீக்கடையே, கடையிலிருக்கும் பாய்லரே, பாய்லர் திறக்கும் மாஸ்டரே’ என்று ஒரு வகுப்பு கட்டிய சங்கிலி கரும்பலகையின் அடிவரை போனதைப் பார்த்திருக்கிறேன். ஒரு கதையை ஒரு வாரத்துக்கு வைத்துக்கொள்ளும் பொறுமை பயிற்சிக்காலத்திலேயே வர வேண்டும். நாற்பது நிமிடத்துக்கு ஒரு பாடக்குறிப்பு என்ற நம் பழக்கம் அந்தப் பொறுமையை வளரவிடுவதில்லை.

இந்த எண்ணம் நமக்குப் புதிதன்று. குஜராத்தின் பாவ்நகரில் 1920-ல் பால மந்திர் என்ற மழலையர் பள்ளியைத் தொடங்கிய கிஜுபாய் பதேகா, கதையை மொழிக் கல்வியின் நுழைவாயிலாகக் கொண்டவர்; அடுத்த சில ஆண்டுகளிலேயே ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க அத்யாபன மந்திர் என்று தனி அமைப்பையும் ஏற்படுத்தினார். ‘பகல் கனவு’ என்று தமிழில் வந்துள்ள அவருடைய நூலில், வகுப்பை அடக்க முடியாமல் திணறும் ஆசிரியர் கதையை நிறுத்தி நிறுத்தி நாள்கணக்கில் வளர்த்து, அதன் வழியாகவே பிள்ளைகளைப் புத்தகத்துக்குக் கொண்டுசெல்கிறார். நம் பயிற்சி மாணவர்கள் இந்த நூலைப் படித்துத் தேர்வில் சுருக்கமும் எழுதிவிடுவார்கள். ஆனால் அவர்களில் ஒருவரும் ஒரு கதையை நான்கு நாள் நீட்டிச் சொல்லிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கதை சொல்வதும் கதை வாசித்துக் காட்டுவதும் வேறு வேறு திறன்கள் என்பதையும் தெளிவுபடுத்த வேண்டும். சொல்லும்போது ஆசிரியரின் கண் பிள்ளைகள்மீது இருக்கிறது. அவர்கள் உம் கொட்டுவது குறைந்தால் கதையை வளைத்துக்கொள்ளலாம். வாசித்துக் காட்டும்போது புத்தகத்தின் மொழி மாறாமல் வர வேண்டும். இந்தக் கோடுகளும் சுழிகளும்தான் இவரைப் பேச வைக்கின்றன என்று குழந்தை அப்போதுதான் அறிகிறது. புத்தகத்தை மார்போடு சேர்த்துப் பிடித்து, பக்கத்தைப் பிள்ளைகள் பக்கம் திருப்பி, விரலை வரியின்கீழ் ஓட்டி வாசிப்பது கேட்பதற்கு எளிது, பழகாத கைக்குச் சங்கடம். தமிழ்நாட்டின் வாசிப்பு இயக்கத்தில் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று படிநிலை வகுத்து வெளியிடப்பட்ட சிறு நூல்கள் இதற்கு மிகவும் ஏற்றவை. என் பரிந்துரை எளியது: ஒவ்வொரு பயிற்சி மாணவரும் நெஞ்சில் நிற்கும்படி பத்துக் கதைகளைச் சொல்லவும், பத்து நூல்களைத் தடங்கலின்றி வாசித்துக் காட்டவும் பழகிய பின்னரே கற்பித்தல் பயிற்சிக்குப் பள்ளிக்குப் போக வேண்டும்.

இனி, குழந்தை சொல்லும் கதையை எழுதிக்கொள்வது பற்றி. அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வகப் பள்ளியில் மழலையர் வகுப்பு ஆசிரியராக இருந்த விவியன் பேலி, குழந்தை ஒரு கதையைச் சொல்லச் சொல்ல அதன் சொற்களிலேயே எழுதிக்கொண்டு, அன்றைக்கே அதை வகுப்புக்கு நடுவில் வாசித்து, பிள்ளைகளை நடிக்கவைக்கும் முறையை உருவாக்கினார். நியூசிலாந்தில் பூர்வகுடி மாவோரிக் குழந்தைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன் வார்னர், ஒவ்வொரு குழந்தையிடமும் அன்றைக்கு அதற்கு வேண்டிய சொல் எதுவென்று கேட்டு, அதை அட்டையில் எழுதிக் கொடுத்து, அந்தச் சொற்களிலிருந்தே படிப்பைத் தொடங்கினார். நம் ஊரில் 1990களின் எழுத்தறிவு இயக்கமான அறிவொளி முதியோருக்குச் செய்ததும் ஏறத்தாழ இதுவே. கற்போர் சொன்ன கதைகள் திரட்டப்பட்டுச் சிறு நூல்களாக அவர்களிடமே திரும்பி வந்தபோது, எழுத்து அவர்களுக்கு அந்நியமாகத் தெரியவில்லை. நாம் சொன்னது தாளில் நிற்கிறது, நாளைக்கும் அதே சொல்லோடு நிற்கும் என்று ஒரு குழந்தை உணரும் கணத்தைவிடப் பெரிய எழுத்தறிவுப் பாடம் முதல் வகுப்பில் வேறில்லை என்பது என் எண்ணம்.

ஆனால் தமிழில் இதைச் செய்யப் புகும்போது ஆங்கில வகுப்பறையில் அவ்வளவு பெரிதாக எழாத ஒரு சிக்கல் எழுகிறது. நாம் பேசுவது ஒரு தமிழ், எழுதுவது இன்னொரு தமிழ். ஒரு பயிற்சிப் பள்ளியில் இரண்டாம் வகுப்புச் சிறுமி பயிற்சி ஆசிரியரிடம் சொன்ன கதை இது: ‘எங்க ஆட்டுக்குட்டி காணாம போச்சு டீச்சர். அப்பா ஏரி வரைக்கும் போய்த் தேடுனாரு. ராத்திரி அதுவே வந்துடுச்சு. எங்கம்மா அதக் கட்டிப்புடிச்சுக்கிட்டு, எங்கடி போனன்னு கேட்டாங்க.’ பயிற்சி ஆசிரியர் அழகான கையெழுத்தில் எழுதியது வேறு: ‘எங்கள் வீட்டு ஆட்டுக்குட்டி ஒரு நாள் காணாமல் போனது. என் தந்தை அதைத் தேடினார். இரவில் அது திரும்பி வந்தது. ஆகவே நாம் கால்நடைகளைப் பாதுகாக்க வேண்டும்.’ ஏரி போயிற்று. அம்மா கேட்ட கேள்வி போயிற்று. கேட்டிராத நீதி ஒன்று வந்து ஒட்டிக்கொண்டது. வாசித்துக் காட்டியபோது, அது தன் கதை என்று அந்தச் சிறுமிக்குத் தெரியவேயில்லை.

அப்படியானால் பேசியதைப் பேசியபடியே எழுத வேண்டுமா? இதில் ஆசிரியர் பயிற்றுநர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. பேச்சு வடிவில் எழுதினால் குழந்தை பிழையான தமிழையே பழகிவிடும் என்பார் ஒரு சாரார். எழுத்து வடிவுக்கு மாற்றினால் அது குழந்தையின் சொல்லே அன்று என்பார் மறுசாரார். தமிழ்ப் புனைகதை நெடுங்காலமாகக் கையாளும் வழியை வகுப்பறைக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் முடிவு. கதைமாந்தர் பேசுவதை மேற்கோள்குறிக்குள் பேச்சு வடிவிலேயே விட்டுவிடுங்கள். கதை நடப்பைச் சொல்லும் வாக்கியங்களைப் பொறுத்தமட்டில், முதல் வகுப்பின் தொடக்க மாதங்களில் குழந்தை சொன்னபடியே எழுதுங்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய பின், ‘இதைப் புத்தகத்தில் எப்படி எழுதுவாங்க?’ என்று கேட்டு, ‘போச்சு’ என்பதன்கீழ் ‘போயிற்று’ என்றோ ‘போனது’ என்றோ குழந்தையைச் சொல்லவைத்து எழுதுங்கள். கதை கேட்டு வளர்ந்த வகுப்பில் இந்தக் கேள்விக்கு விடை சொல்லப் பிள்ளைகள் தடுமாறுவதில்லை, புத்தக மொழி ஏற்கெனவே காதில் விழுந்திருக்கிறது. வட்டாரச் சொற்களை மட்டும் மாற்றவே கூடாது. ‘ஏனம்’ என்று குழந்தை சொன்னால் ‘பாத்திரம்’ என்று திருத்துவதற்கு இலக்கணத்தில் எந்த நியாயமும் இல்லை.

எழுதிக்கொள்வதற்குப் பயிற்சி வேண்டும் என்று நான் அழுத்துவதற்குக் காரணம், அது பார்ப்பதற்குத்தான் எளிது. குழந்தை வேகமாகச் சொல்லும், நிறுத்தும், முதலிலிருந்து தொடங்கும். அப்போது ‘அப்புறம்?’ என்ற ஒரு சொல்லுக்கு மேல் கேட்காமலிருக்க ஆசிரியர் பழக வேண்டும். ‘ஆடு எந்த நிறம்? எத்தனை மணிக்கு வந்தது?’ என்று கேட்கத் தொடங்கினால் கதை வினா-விடையாகிவிடும். பயிற்சி நிறுவனத்தில் இருவர் இருவராக அமர்ந்து, ஒருவர் சொல்ல மற்றவர் எழுதி, எழுதியதை வாசித்துக் காட்டி, எங்கே சொல்லாததைச் சேர்த்தோம், எங்கே சொன்னதை விட்டோம் என்று ஒலிப்பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். செல்பேசி இருக்கும் காலத்தில் இதற்குத் தனிச் செலவு எதுவும் இல்லை. பிறகு, ஒரே குழந்தையிடம் வாரம் ஒரு கதை என்று பருவம் முழுவதும் எழுதிக்கொண்டு வரச் சொல்ல வேண்டும். எழுதித் தந்ததைக் குழந்தையின் பெயரோடு தைத்து, வகுப்பறையில் புத்தகங்கள் வைக்கும் படித்தல் களத்தில் வைத்தால், அந்த வகுப்பில் அதிகம் புரட்டப்படும் புத்தகம் அதுவாகத்தான் இருக்கும்.

அடுத்தது, குழந்தை தானே எழுதுவது. அதே ஆட்டுக்குட்டிக் கதையை அந்தச் சிறுமி ஸ்லேட்டில் எழுதியபோது, ‘ஆடுகுடி கானாம போசு’ என்று எழுதினாள். பிழைகளை எண்ணுகிறவருக்கு இதில் ஒரு சொல்கூடச் சரியில்லை. பார்க்கத் தெரிந்தவருக்கு இது ஒரு முழு அறிக்கை. ஆ, டு, கு, கா, போ என்று குறில் நெடிலும் கொம்பும் காலும் இடம் தவறாமல் விழுந்திருக்கின்றன. சொல்லுக்குச் சொல் இடைவெளி இருக்கிறது. விடுபட்டது ஒற்று: ஆட்டு, க்குட்டி, ச்சு என்று இரட்டிக்கும் இடங்களில் எல்லாம் புள்ளியெழுத்து இல்லை. ஆகவே நாளைய பாடம் தெளிவாகிவிட்டது: குடி–குட்டி, எடு–எட்டு, பாடு–பாட்டு என்று இணைச்சொற்களைச் சொல்லி, கைதட்டி, எழுதிக் காட்ட வேண்டும். ‘கானாம’ என்பதில் உள்ள னகர ணகரக் குழப்பம் கொஞ்ச நாள் பொறுக்கும். குழந்தைகள் தாமே கண்டுபிடித்து எழுதும் எழுத்துக்கூட்டில் ஒழுங்கு உண்டு, அது அவர்கள் காதில் விழும் ஒலியைப் பின்பற்றுகிறது என்று 1970களின் தொடக்கத்திலேயே மொழியியலாளர் சார்லஸ் ரீட் ஆங்கிலம் பேசும் குழந்தைகளின் எழுத்தை வைத்துக் காட்டினார். தமிழுக்கு அந்த ஒழுங்கு எப்படியிருக்கும் என்பதை ஒவ்வொரு பயிற்சி மாணவரும் பிள்ளைகளின் நோட்டுகளை வைத்துக்கொண்டு தாமே கண்டறிய வேண்டும். சிவப்பு மையை எடுக்கும் முன் ‘இந்தக் குழந்தைக்கு என்னென்ன தெரிந்திருக்கிறது?’ என்று ஒரு பத்தி எழுதுவதை நான் கட்டாயமாக்குவேன்.

இதற்கெல்லாம் முன்நிபந்தனை ஒன்று உண்டு. எழுதாத ஆசிரியரால் எழுதவைக்க முடியாது. கலிபோர்னியாவில் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு 1974-ல் ஜேம்ஸ் கிரே தொடங்கிய எழுத்துத் திட்டத்தில், கோடை விடுமுறையில் கூடிய ஆசிரியர்கள் கற்பிக்கும் முறைகளைப் பேசியதோடு தாங்களும் எழுதி, ஒருவர் எழுதியதை மற்றவர் கேட்டுக் கருத்துச் சொன்னார்கள். அது பிற்பாடு நாடு தழுவிய அமைப்பாக வளர்ந்தது. நம்மிடம் பயிற்சிக்கு வரும் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு வரை எழுதியது வினாவிடையும் மனப்பாடக் கட்டுரையும்தான். பயிற்சியில் எழுதுவது ரெக்கார்டு நோட்டு. அதுவும் முந்தைய ஆண்டு மாணவரின் நோட்டைப் பார்த்து எழுதியதாக இருக்கும். (இதைப் பயிற்றுநர்கள் அறியாதவர்கள் அல்லர், எல்லா ஆண்டு நோட்டிலும் ஒரே முயல், ஒரே ஆமை.) அவர்களை முதலில் தங்கள் தெருவைப் பற்றி, பாட்டியின் சமையலைப் பற்றி, பள்ளியில் அடிவாங்கிய நாளைப் பற்றி எழுதவைத்து, அதை வட்டமாக அமர்ந்து வாசிக்கவைக்க வேண்டும். எழுதியதைப் பிறர் கேட்கும்போது வரும் கூச்சமும், ‘அந்த இடம் நல்லாயிருந்தது’ என்று ஒருவர் சொல்லும்போது வரும் தெம்பும் தெரியாதவர், ஏழு வயதுக் குழந்தையின் நோட்டில் சரமாரியாகச் சுழித்துவிடத் தயங்கமாட்டார்.

நீதி பற்றியும் ஒரு சொல். ‘இக்கதையால் நாம் அறியும் நீதி யாது?’ என்ற கேள்வியைப் பயிற்சியிலிருந்து அடியோடு எடுத்துவிடலாம் என்பேன். கொழுக்கட்டையின் பெயரை மறந்து ‘அத்திரிபாச்சா’ என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வருபவனின் கதையில், அவன் மனைவியை அடிக்கும் இடம் வருகிறது. கன்னம் கொழுக்கட்டைபோல் வீங்கியதும்தான் பெயர் நினைவுக்கு வருகிறது. இதை எப்படிச் சொல்வது என்று பயிற்சி மாணவர்கள் கேட்பார்கள். அவனே தடுக்கி விழுந்து அவன் நெற்றியே வீங்கட்டும் என்று முடிவை மாற்றிச் சொல்பவர்கள் உண்டு, நானும் அவர்கள் பக்கம்தான். வாய்மொழிக் கதை சொல்பவர் வாயில் மாறுவது இயல்பு. ஆனால் அந்த முடிவை எட்ட மாணவர்கள் தங்களுக்குள் வாதிட வேண்டும். கதையைத் தேர்ந்தெடுப்பதும் மாற்றுவதும் ஆசிரியரின் பொறுப்பு என்று அப்போதுதான் உறைக்கும்.

இடமும் நேரமும் எங்கே என்று கேட்கலாம். தமிழ்நாடு அரசு தொடக்க வகுப்புகளுக்காக 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் வகுப்பறைக்குள்ளேயே கதைக்களமும் படித்தல் களமும் பொம்மலாட்டக் களமும் உண்டு. பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைவாரியாகப் பிரிந்து வேலை செய்கிறார்கள். அரும்பு நிலைக் குழந்தைகள் சொல்லிய கதையை ஆசிரியர் எழுதிக்கொள்வதும், மொட்டு நிலையினர் அதை வாசிப்பதும், மலர் நிலையினர் வளர்த்து எழுதுவதும் ஒரே வகுப்பில் ஒரே கதையை வைத்து நடக்க முடியும். ஓராசிரியரோ ஈராசிரியரோ உள்ள பள்ளியில் நாளொன்றுக்கு இரண்டு குழந்தைகளிடம் மட்டும் கதை கேட்டு எழுதினாலே போதும். சில வாரங்களில் வகுப்பு முழுவதையும் சுற்றி வந்துவிடலாம்.

மதிப்பீடு மாறாமல் இவற்றில் எதுவும் நிலைக்காது. செய்முறைத் தேர்வுக்கு வரும் புறத்தேர்வாளர் மேசையில் பரப்பிய சார்ட்டுகளையும் தெர்மாகோல் பொம்மைகளையும் பார்த்து மதிப்பெண் போட்டுவிட்டுப் போகும்வரை, மாணவர்களும் சார்ட்டுக் கடைக்கே ஓடுவார்கள். அவற்றுக்குப் பதிலாக ஒரே ஒரு கோப்பைக் கேட்கட்டும்: ஒரு குழந்தை பருவத் தொடக்கத்தில் சொன்ன கதை, அதை ஆசிரியர் எழுதிக்கொண்ட தாள், குழந்தை தானே எழுதிய முதல் முயற்சி, பருவ இறுதியில் எழுதியது, இவற்றுக்கிடையில் என்ன மாறியது என்று பயிற்சி மாணவர் எழுதிய இரண்டு பக்கம். தேர்வாளர் அதை வாசித்துவிட்டு, ‘இந்த வாரத்தில் இந்தக் குழந்தைக்கு ஏன் இந்தக் கதையைச் சொன்னீர்கள்?’ என்று கேட்கட்டும். விடை சொல்ல முடிகிறவருக்குத் தேர்ச்சி கொடுக்கலாம்.